நன்றிக் கொப்பி: வன்னியில் எளிய வாழ்வை நாடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நன்றிக் கொப்பி என்பது என்ன? நாட்குறிப்பிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

நாட்குறிப்பில் அன்று நடந்தவை எல்லாம் இடம்பெறும். நன்றிக் கொப்பியில் அன்று நமக்குக் கிடைத்தவை மட்டும் இடம்பெறும். கிடைத்தது ஒரு பொருளாக இருக்கலாம், ஒருவர் செய்த உதவியாக இருக்கலாம், விதைத்த கையோடு பெய்த மழையாகவும் இருக்கலாம். அது யாரால், எப்படி வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு அல்லது மூன்று விடயங்கள், ஒவ்வொன்றுக்கும் சில வரிகள் போதும். பத்து நிமிடங்களுக்கு மேல் எழுதிக்கொண்டிருந்தால் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்று கொள்ளலாம்; அதில் தவறில்லை, ஆனால் அது வேறு வேலை.

எளிய வாழ்வுக்கும் இந்தப் பழக்கத்துக்கும் என்ன தொடர்பு?

எளிமை என்பது இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் கவனமாகப் பேச வேண்டிய விடயம். 2009இல் போரினால் எல்லாவற்றையும் விட்டு வெளியேறி, பின்னர் தறப்பாள் கொட்டிலில் இருந்து வாழ்க்கையை மீண்டும் தொடங்கிய குடும்பத்திடமும், 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் விளைச்சலை இழந்து 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற கமக்காரரிடமும் சென்று, குறைவாக வைத்துக்கொண்டு நிறைவாக வாழுங்கள் என்று உபதேசிக்க எவருக்கும் உரிமை இல்லை. இல்லாமைக்கு எளிமை என்று பெயர் சூட்டுவது அவமதிப்பாகும். எனவே இப்பக்கத்தில் எளிய வாழ்வு என்று குறிப்பிடுவது, அன்றாடச் சாப்பாட்டுக்குக் குறைவில்லாத ஒரு வீட்டில், இதற்கு மேல் எதை வாங்குவது, எதற்காகக் கடன்படுவது என்று முடிவெடுக்கும் இடத்தை மட்டுமே.

அப்படி முடிவெடுக்கும் நிலை இன்று பல வீடுகளில் வந்திருக்கிறது. லீசிங்கில் எடுக்கும் மோட்டார் சைக்கிள், மாதக் கட்டணத்துக்கு வாங்கும் கைத்தொலைபேசி, பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபமும் ட்றோன் கமராவும் என்று செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றுட் பல, அயலில் உள்ளவர் செய்ததனால் நாமும் செய்பவை. நன்றிக் கொப்பியை ஒரு பயிர்ப்போகம் முழுவதும் எழுதிவிட்டுத் திரும்பப் புரட்டிப் பார்ப்பவர், தனக்கு உண்மையில் மகிழ்ச்சி தந்தவை எவை என்பதைத் தன் கையெழுத்திலேயே காண்கிறார். பெரும்பாலும் அங்கே மனிதர்களும், சாப்பாடும், தண்ணீரும், நோயிலிருந்து எழுந்த நாட்களும் இருக்கும். சென்ற ஆண்டு தவணைக்கு வாங்கிய பொருள் எத்தனை பக்கங்களில் வருகிறது என்று பார்த்துவிட்டு அடுத்த தவணைப் பத்திரத்தில் கையெழுத்திடலாம். சிக்கனம் பற்றிய எந்த அறிவுரையையும் விட இந்தச் சோதனை நேர்மையானது, ஏனெனில் சாட்சி சொல்வது நீங்களே.

எப்படிப்பட்ட கொப்பி வேண்டும்?

பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுசெல்லும் சாதாரணக் கொப்பி போதும். சென்ற ஆண்டுக் கொப்பியில் எஞ்சிய வெற்றுத் தாள்களைக் கிழித்து நூலால் கட்டினாலும் போதும். தங்க எழுத்துப் பதித்த தடித்த அட்டைக் குறிப்பேடுகள் கடைகளில் விற்கப்படுகின்றன. எளிய வாழ்வின் முதற்படியாக அவற்றை வாங்குவது சற்று வேடிக்கையானது.

கைத்தொலைபேசியில் எழுதலாமா?

எழுதலாம். ஆயினும் தொலைபேசியைக் கையிலெடுத்தவர் எழுதுவதற்கு முன் வட்ஸ்அப்பையும் முகநூலையும் பார்த்துவிடுகிறார். கனடாவில் இருக்கும் உறவினர் வாங்கிய வீட்டின் படத்தைப் பார்த்த பின்னர் நமது கிணற்றுத் தண்ணீருக்கு நன்றி எழுதுவது கடினம். தாளே நல்லது என்பது என் கருத்து. பார்வை குறைந்தவர்களுக்குக் குரற்பதிவு பொருந்தும்.

நாள்தோறும் எழுத வேண்டுமா? எந்த நேரம் ஏற்றது?

நாள்தோறும் எழுத வேண்டும் என்பது பரவலான எண்ணம். ஆய்வுகள் அதை வலியுறுத்தவில்லை. அமெரிக்க உளவியலாளர்களான றொபேட் எமன்ஸ், மைக்கேல் மக்கலோ ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வே இத்துறையில் அதிகம் பேசப்படுவது. அதன் முதற் பகுதியில், மாணவர்களில் ஒரு குழுவினர் வாரத்துக்கு ஒரு தடவை, நன்றியுணர்வு தந்த விடயங்களில் ஐந்து வரை எழுதினர். இன்னொரு குழுவினர் தங்களுக்கு ஏற்பட்ட தொல்லைகளை எழுதினர். மூன்றாவது குழுவினர் நடந்தவற்றைப் பொதுவாக எழுதினர். முதற் குழுவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவுடன் பேசினர், அடுத்த வாரத்தை நம்பிக்கையோடு எதிர்பார்த்தனர். சோனியா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரின் குழு பின்னர் செய்த ஒப்பீட்டில், ஆறு வாரங்கள் வாரத்துக்கு ஒரு தடவை எழுதியவர்களே பயன்பெற்றனர். வாரத்துக்கு மூன்று தடவை எழுதியவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. அடிக்கடி எழுதும்போது அது கடமையாகிச் சலித்துவிடுகிறது என்பதே அவர்கள் தரும் விளக்கம்.

ஆகவே வாரத்தில் ஒரு நாளையோ இரண்டு நாட்களையோ தெரிவு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பின், ஞாயிறு பூசையால் வந்த பின், மஃரிப் தொழுகைக்குப் பின் என்று ஏற்கெனவே வீட்டில் நிலைத்திருக்கும் ஒரு வழக்கத்தோடு சேர்த்துக்கொண்டால் தனியாக நினைவில் வைக்கத் தேவையில்லை. பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் கமக்காரர் இரவில் எழுதுவார் என்று எதிர்பார்ப்பதும் பொருத்தமில்லை. களத்துமேட்டில் நெல் குவிந்திருக்கும்போது ஒருவருக்கும் கொப்பி நினைவுக்கு வராது. அக்காலத்தில் வாரத்துக்கு ஒரு வரி எழுதினாலே தொடர்ச்சி அறாது.

என்ன எழுதுவது? சில நாட்களிலேயே எழுதியதையே திரும்ப எழுதுகிறேன்.

பொதுப்பட எழுதுவோருக்கே இந்தச் சிக்கல் வருகிறது. "இன்று நல்ல நாள். குடும்பத்தாருக்கும் அயலவருக்கும் நன்றி" என்று எழுதினால் நாளைக்கும் அதையே எழுதலாம், அதற்கு அடுத்த நாள் எழுதவே தோன்றாது. அதே நாளைப் பின்வருமாறு எழுதிப் பாருங்கள்.

"பின்னேரம் மூன்று மணிபோல் மழை இருண்டது. நான் சந்தையில் நின்றேன். முற்றத்தில் பாயில் காய்ந்த அவித்த நெல்லை எதிர்வீட்டு மச்சாள் ஓடிவந்து அள்ளி, எங்கள் விறாந்தையில் கொட்டிச் சாக்கால் மூடிவிட்டுப் போயிருக்கிறார். பாயின் ஓரத்தில் கிடந்த ஒரு பிடி நெல் மட்டும் நனைந்திருந்தது. அவருடைய கொடியில் கிடந்த உடுப்புகள் முழுவதும் தெப்பமாக நனைந்துவிட்டன."

இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன: கிடைத்தது எது, தந்தவர் யார், தருவதற்காக அவர் எதை இழந்தார். மூன்றாவது செய்திதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. நனைந்த உடுப்புகளைக் கவனிக்காதவர் நெல் தப்பியது என்று மட்டும் எழுதுவார். கவனித்தவருக்கு மச்சாளின் மனம் தெரியும், ஒருவேளை மறுநாள் அந்த வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசியும் போகும்.

விடயம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. முத்தையன்கட்டுக் குளத்திலோ இரணைமடுக் குளத்திலோ துருசு (மதகு) திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், தன் முறை முடிவதற்கு முன்பே மடையைத் திருப்பிவிட்ட மேல்வயற்காரர், காட்டுப் பக்கம் போனவர் சட்டைப் பையில் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த பாலைப்பழம், யானைக்காவலுக்குப் பரணில் ஏறிய இரவில் துணைக்கு வந்தவர், நீங்கள் ஓடிவருவதைக் கண்டு நின்ற பேருந்தின் நடத்துநர், கிளினிக்கில் உங்கள் தாயாரின் இலக்கத்தை நினைவில் வைத்துக் கூப்பிட்ட தாதி என்று ஒவ்வொரு வாரமும் புதியவர் ஒருவர் வந்துகொண்டே இருப்பார். குளத்துக்கு நன்றி எழுதும்போது குளத்தைக் கட்டியவர்களையும் நினைக்கலாம். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920 வரை நடந்தது. அணைக்கட்டில் மண் சுமந்தவர்களின் பெயர்களைப் பெரும்பாலும் எவரும் அறியார், அவர்கள் மறித்த தண்ணீரில்தான் இன்றைய வயல் விளைகிறது.

நடை பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீட்டில் பேசுவதுபோலவே எழுதலாம். எழுத்துப் பிழைக்குப் புள்ளி குறைக்க யாரும் இல்லை.

நன்றி சொல்லும்படி ஒன்றுமே நடக்காத நாளில் என்ன செய்வது?

எழுதாமல் விடலாம். எழுத விரும்பினால், ஏற்கெனவே இருக்கும் ஒன்றை இல்லையென்று எண்ணிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. ஒரு நன்மை எப்படி வந்தது என்று நினைத்துப் பார்த்தவர்களைவிட, அது எப்படி வராமலே போயிருக்கக்கூடும் என்று எண்ணி எழுதியவர்களுக்கு மனநிறைவு கூடியதாக 2008இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு கூறுகிறது. வளவில் கிணறு இல்லாமல் இருந்திருந்தால், பிள்ளையின் பாடசாலைக்கு அந்தக் கணித ஆசிரியர் மாற்றலாகி வராமல் இருந்திருந்தால் என்று எழுதலாம்.

இம்முறையை நம்மிடையே பயன்படுத்தும்போது ஓர் எல்லை வேண்டும். பொருள்களையும் நிகழ்வுகளையும் இல்லையென்று எண்ணிப் பாருங்கள். மனிதர்களை அப்படி எண்ண வேண்டாம். உறவுகளை உண்மையாகவே இழந்தவருக்கு இது பயிற்சியாக இராது. பழைய நினைவுகளைக் கிளறுவதாகவே முடியும்.

இத்தனை இழப்புகளுக்குப் பிறகு நன்றி எழுதச் சொல்வது நியாயமா?

இக்கேள்வியைக் கேட்பவர் எழுத மறுத்தால் அவரை வற்புறுத்தக் கூடாது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், வன்னியில் இடம்பெயர்ந்தோரின் உளநிலை பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வில், தனிமனிதரின் பாதிப்போடு குடும்பமும் கிராமமும் சமூகமும் சேர்ந்து சிதைந்ததைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். அப்படிப்பட்ட காயத்துக்கு ஒரு கொப்பி மருந்தாகிவிடும் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

அதைவிடப் பொறுப்பற்றது, குறை சொல்பவரின் வாயை அடைப்பதற்கு நன்றியைப் பயன்படுத்துவது. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளையும் கணவன்மாரையும் கேட்டு, 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் உறவினர்கள் தொடங்கிய போராட்டம் ஆண்டுகளைக் கடந்து நடந்தது. அந்தத் தாய்மாரிடம் இருப்பதற்கு நன்றி சொல்லுங்கள் என்று கூற எவருக்கும் வாய் வரக் கூடாது. விடுவிக்கப்படாத காணி, நெல்லுக்குக் கிடைக்காத விலை, வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் சேகரிப்பாளர் ஆகியவற்றுக்கு எதிராகக் கடிதமும் மனுவும் எழுதுவதற்கு வேறு தாள் உண்டு. நன்றிக் கொப்பி அந்தத் தாளின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

அப்படியானால் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். இடப்பெயர்வின்போது தன் தண்ணீர்ப் போத்தலைப் பகிர்ந்தவர், பதுங்குகுழியில் இடம் ஒதுக்கித் தந்தவர், முகாமில் அடுப்புக்கு விறகு கொடுத்தவர் ஆகியோரும் அந்த இழப்பின் நினைவோடு கலந்தே இருக்கிறார்கள். இழப்பை ஆவணப்படுத்துவதில் எம்மவர் காட்டிய அக்கறை, இப்படிப்பட்டவர்களின் செயல்களைப் பதிவதில் குறைவாகவே இருக்கிறது. எழுத மனம் வரும் ஒருவர் துக்கத்தையும் நன்றியையும் ஒரே பக்கத்தில் எழுதலாம். "இன்று தம்பியின் பிறந்தநாள். ஒருவரும் அவனைப் பற்றிக் கதைக்கவில்லை. அன்ரி மட்டும் அவனுக்குப் பிடித்த குரக்கன் புட்டு அவித்துக் கொண்டுவந்தார்" என்று எழுதுவது முழுமையான நன்றிக் குறிப்பே. அதில் மகிழ்ச்சி இருக்க வேண்டும் என்ற விதி இல்லை.

கடவுளுக்கு நன்றி செலுத்துவது போதாதா?

நம்பிக்கையுள்ளவர்களுக்கு அது முதன்மையானது, இந்தப் பழக்கத்தை விட மிகப் பழையதும் கூட. அறுவடையான முதல் நெல்லில் புதிர் எடுத்துப் பொங்குவதும், வைகாசியில் வட்டப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு ஊரூராகத் திரள்வதும், புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைப்பதும், ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குச் செல்வதும் நன்றி செலுத்தும் முறைகளே. வட்டப்பளையில் உப்புநீரில் விளக்கெரியும் வழக்கத்தைக் காணச் செல்வோர் பலர், தாம் நேர்ந்ததைத் தீர்ப்பதற்காகவே செல்கின்றனர்.

எனினும் நேர்த்திக்கடன் பெரிய வரங்களுக்கானது. பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்ததற்குப் பொங்குவோம். அதே பிள்ளையை மழைநாளில் சைக்கிளில் ஏற்றிவந்த அயலவருக்குப் பொங்கமாட்டோம். கொப்பி அந்தச் சிறியவற்றுக்கு இடம் தருகிறது. கொப்பியைப் பிரார்த்தனையாகவே எழுத விரும்புவோர் அவ்வாறு எழுதலாம். ஆனால் இடையில் நின்று உதவிய மனிதரின் பெயரை விட்டுவிட வேண்டாம்.

எழுதியதை உரியவரிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயமில்லை. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரிய ஒருவருக்குக் கடிதம் எழுதி அதை அவரிடமே கொண்டுசென்று கொடுத்தவர்களுக்கு மனமகிழ்ச்சி உடனடியாகக் கூடியது. ஆனால் சில மாதங்களில் அது தேய்ந்துபோனது. நாள்தோறும் இரவில் மூன்று நல்ல விடயங்களையும் அவற்றின் காரணங்களையும் ஒரு வாரம் எழுதியவர்களிடம் பயன் ஆறு மாதங்கள் வரை தெரிந்தது. (மேலே சொன்ன வாரமொருமுறை முடிவோடு இது முரண்படுவதுபோல் தோன்றும், இது ஒரு வாரத்தோடு முடிந்த பயிற்சி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.)

எங்கள் ஊர்களில் நெருங்கியவரின் முகத்துக்கு நேரே நன்றி சொன்னால் அவர் கூச்சப்படுவார், சிலர் கோபிக்கவும் செய்வர். அந்நியமாக நினைத்துவிட்டீர்களா என்பார். மரவள்ளிக் கிழங்கு கிண்டிய நாளில் அவர் வீட்டுக்கும் ஒரு பங்கு அனுப்புவதே அங்கு நடைமுறை. ஊரைவிட்டு மாற்றலாகிச் சென்ற ஆசிரியருக்கோ மருத்துவருக்கோ கடிதம் எழுதுவது நல்லது; அவர்கள் செய்த வேலை என்னவாயிற்று என்று பெரும்பாலும் எவரும் அவர்களுக்கு அறிவிப்பதில்லை.

வீடு சிறியது, யாராவது எடுத்து வாசித்துவிடுவார்களே?

வாசித்தால் வெட்கப்பட வேண்டியது குறைவாகவே இருக்கும். ஆயினும் மாமியாரைப் பற்றி எழுதியதை மாமியார் வாசிப்பது சங்கடம்தான். வீட்டார் அறியத் தனிக் கொப்பி வைத்திருப்பதும், அதைத் தொட வேண்டாம் என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்வதும் ஒளித்து வைப்பதைவிடப் பயன்தரும்.

எழுதத் தெரியாத அம்மம்மா இதில் சேர முடியுமா?

முடியும். அவர் சொல்லப் பேரப்பிள்ளை எழுதலாம். அம்மம்மா சொல்வது வாரத்துக்கு ஒரு செய்தியாக நில்லாமல் பழைய கதைகளுக்குள் போய்விடும், போகட்டும். எந்தக் குளம் எந்த ஆண்டு வான் பாய்ந்தது, பஞ்ச காலத்தில் எந்த வீட்டுக்காரர் நெல் கடனாகக் கொடுத்தார் என்பவை அப்போதுதான் எழுத்தில் ஏறும்.

பிள்ளைகளைப் பழக்கலாமா?

கேட்டுப் பார்க்கலாம், வீட்டுவேலைபோலக் கொடுக்கக் கூடாது. இரவுச் சாப்பாட்டின்போது இன்று யார் உனக்கு உதவினார்கள் என்று கேட்பது எழுத வைப்பதைவிட எளிது.

இடையில் பல வாரங்கள் விட்டுப்போனால்?

திகதி போட்டு மீண்டும் தொடங்குங்கள். விட்டுப்போன நாட்களை நிரப்ப முயல வேண்டாம்.

பலன் எப்போது தெரியும்? மனச்சோர்வு நீங்குமா?

ஆய்வுகளில் இரண்டு முதல் பத்து வாரங்களுக்குள் மாற்றங்கள் தெரிந்தன. எமன்ஸ், மக்கலோ ஆய்வின் மூன்றாம் பகுதியில், நரம்பு மற்றும் தசை நோயுள்ளவர்கள் 21 நாட்கள் எழுதியபோது தூக்கமும் மேம்பட்டதாகத் தெரிவித்தனர். ஆனால் பின்னர் வந்த தொகுப்பாய்வுகள் பயன் மிதமானதே என்றும், மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கான சிகிச்சைக்கு இதை மாற்றாகக் கொள்ள முடியாது என்றும் காட்டுகின்றன.

தூக்கமின்மை, பசியின்மை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அரச மருத்துவமனையின் உளநல சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கு சிகிச்சை இலவசம். தேசிய உளநல உதவி எண்ணான 1926க்கு எந்நேரமும் அழைக்கலாம். எழுத எழுத மனம் மேலும் பாரமாகிறது என்று உணர்ந்தால் கொப்பியை மூடிவிடுங்கள்.

நிறைந்த கொப்பியை என்ன செய்வது?

அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்துவைக்கும் நாட்களில் ஒரு தடவை முழுவதையும் வாசியுங்கள். அடிக்கடி வரும் பெயர்களையும், ஒருபோதும் வராத செலவுகளையும் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு எங்கே பணத்தையும் நேரத்தையும் செலவிடுவது என்று தீர்மானிக்க அந்தப் பக்கமே உதவும். பின்னர் பொலித்தீன் பையில் சுற்றி, உறுதிப் பத்திரங்களும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். தரையோடு வைத்தால் கறையான் அரித்துவிடும். வைத்திருக்க விரும்பாதவர் எரித்துவிடலாம். எழுதியபோதே அதன் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது.